உள்ளங்கைச் சீனியும் அக்காவின் கண்ணும்

நுவரெலியாவுக்குப் பயணம் போகிறவர்கள் பூந்தோட்டம் பார்ப்பார்கள், ஏரியில் படகு விடுவார்கள். போன மாதம் நான் அக்கரப்பத்தனையிலிருந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு கண் கிளினிக்குக்குப் போனேன். அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். ஆறு மாதத்துக்கு முன், முற்றின இலையையும் சேர்த்துப் பறிக்கிறாள் என்று வேலையை மேற்பார்க்கும் கங்காணி சத்தம் போட்டார். பாவம், அவளுக்குக் கண் தெரியவில்லை. பல வருஷச் சர்க்கரை நோயால் விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கியிருந்தன. அப்போது இதே கிளினிக்கில் டொக்டர் லேசர் சிகிச்சை செய்துவிட்டு, சர்க்கரை குறையாவிட்டால் பார்வை போய்விடும் என்றார்.

அக்காவுக்குக் கோபம். "தேத்தண்ணியில சீனியே போடுறதில்லீங்க டொக்டர்!"

பொய் இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பலர் போடுவதில்லை. உள்ளங்கையில் சீனியைக் கொட்டிக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு தேத்தண்ணி. அதை அக்கா சீனியாகவே நினைக்கவில்லை. நானும்தான். டொக்டர் தன் உள்ளங்கையை நக்கிக் காட்டி, "இப்பிடியா?" என்று கேட்டதும் அக்கா சிரித்துவிட்டாள்.

போன மாதம் போனது மறுபரிசோதனைக்கு, காலை ஆறரை பஸ். நானுஓயாவரை மூடுபனி. கிளினிக்கில் அக்காவை எழுத்துப் பலகை முன்னால் நிறுத்தினார்கள். போன முறை மூன்றாவது வரியில் திணறியவள், கடைசிக்கு முந்தின வரிவரை மளமளவென்று சொன்னாள்! பிறகு சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்த டொக்டர், "கசிவு நின்னிருக்கு. சர்க்கரையும் நல்லா எறங்கியிருக்கு. இந்தக் கட்டுப்பாட்ட விட்டுறாதீங்க" என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

சர்க்கரை நோய் உள்ளவர்களே, கண் நன்றாகத் தெரிந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைக் காட்டுங்கள். ஆரம்பத்தில் வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. சொட்டு மருந்துக்குப் பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும், ஆகவே துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். குடையும் எடுங்கள், நுவரெலியாவில் அது எப்படியும் வேண்டும்.

திரும்பும்போது லிந்துலையில் தேத்தண்ணி குடிக்க இறங்கினோம். கடைக்காரர் கேட்காமலே ஒரு தட்டில் சீனி கொண்டுவந்து வைத்தார். அக்கா கூசும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தட்டைத் தள்ளிவிட்டாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே. நாளைக்கு நான் கொழுந்து பறிக்கணும்."