ஸ்டெய்னிக்கு ஆறிய தட்டு

வெர்னா மங்க்மன் மீன்பிடிக் குழுவுக்குச் சமைக்க வருகிறேன் என்று சொன்னபோது, குழுவின் முதலாளி ஸ்டெய்னி மென்றுகொண்டிருந்த புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு அவளையே பார்த்தான். ஏரி உறைந்து கெட்டியாகி, வண்டிகளைப் பனியில் இறக்கும் நாள் அது. பெலிக்கன் முனையில் மீன்கொட்டகை வாசலில் பாதி ஊர் கூடியிருந்தது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவள் புருஷன் கிளிஃபர்ட், ஸ்டெய்னியிடம் வேலை பார்க்கையில்தான், பனி உடைந்து, பனிவண்டியோடு வின்னிபெக் ஏரிக்குள் போனான். பனி உருகிய பிறகுதான் உடல் கிடைத்தது.

“உனக்கு எதுக்கு இந்த வேலை?” என்றான் ஸ்டெய்னி.

“எனக்குச் சமைக்கத் தெரியும். உனக்கு ஆள் கிடைக்கல. வேற என்ன வேணும்?”

அத்தனை பேர் முன்னால் அவனால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் ஊர் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கும். கிளிஃபர்ட் குடித்திருந்தான், என் பேச்சைக் கேட்காமல் பனியில் ஓடிய வெடிப்பின் மேல் வண்டியை விட்டான் என்று ஸ்டெய்னி போலீஸிலும் தேவாலயத்திலும் சொல்லியிருந்தான். அதை நம்பியவர்களும் இருந்தார்கள், நம்பாதவர்களும் இருந்தார்கள். வெர்னா எந்தப் பக்கம் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கிளிஃபர்ட் ஓட்டிய வண்டிக்குப் பதிலாக ஸ்டெய்னி வாங்கிய வண்டியை ஓட்டத்தான் என்னை எடுத்திருந்தார்கள். முன்னால் சறுக்குகள், பின்னால் சங்கிலிப் பட்டை, கூரையில் ஒரு கதவு வைத்த மூடிய பனிவண்டி. எங்கள் குழுவில் இன்னொருவன் நோர்பர்ட். கிளிஃபர்டின் பெரியப்பா மகன். இருவரும் சின்ன வயதிலிருந்தே ஒரே படகில் வலை போட்டவர்கள். ஆக, ஸ்டெய்னி, நோர்பர்ட், நான், வெர்னா. நான்கு பேர், ஒரு குடில், ஒரு அடுப்பு.

குடிலைக் கபூஸ் என்போம். சறுக்குக் கட்டைகள் மேல் நிற்கும் மர அறை. வண்டியில் கட்டி வலை இருக்கும் இடத்துக்கெல்லாம் இழுத்துப் போவோம். வெர்னா ஏறிய முதல் நாளே அதைத் தன் இடமாக்கிக்கொண்டாள். அடுப்பைச் சுற்றி இருந்த கம்பியை இன்னும் உயர்த்தச் சொன்னாள். பானை மூடிகளையெல்லாம் கம்பி போட்டுக் கட்டினாள். குடில் பனிமேடுகளில் தூக்கித் தூக்கிப் போடும்போதும் சூப் சிந்தாது. உருளைக்கிழங்கு மூட்டையைத் தன் படுக்கைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். வேறு எங்கே வைத்தாலும் காலையில் கல்லாகிவிடும். கரையிலேயே அவரைப்பயறை வேகவைத்து, தட்டுகளில் ஊற்றி உறையவிட்டு, செங்கல் மாதிரி அடுக்கி எடுத்து வந்திருந்தாள். வேண்டும்போது கோடரியால் ஒரு துண்டு வெட்டி, உப்புப் பன்றிக்கறியோடு பானையில் போடுவாள். நாங்கள் பனியில் வெட்டிய துளையிலிருந்து வலையை இழுத்து முடிக்கும்போது பார்லி சூப்போ வறுத்த பிக்கெரல் மீனோ தயாராக இருக்கும். பேனக் ரொட்டி அடுப்பின் மேலேயே வெந்துகொண்டிருக்கும். ஈரக் கையுறையை அடுப்புக்கு மேலே கொண்டுபோய் மாட்டியவன் முதுகில் கரண்டி விழும்.

பனிக்காற்றில் பாதி நாள் நின்றவனுக்கு அந்தக் கதவைத் திறக்கும்போது வரும் மணம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கை விரல்கள் வலிக்க ஆரம்பிக்கும். அந்த வலி வந்தால்தான் உயிர் திரும்புகிறது என்று அர்த்தம். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தை ஆவியில் காட்டுவோம்.

ஸ்டெய்னிக்கு மட்டும் அது கிடைக்கவில்லை.

முதல் வாரத்தில் எங்களுக்கு அது புரியவில்லை. அவன்தான் கடைசியாக உள்ளே வருகிறான், அதனால் ஆறிவிட்டது என்று நினைத்தோம். பிறகு ஒரு நாள் அவன் முதலில் வந்து உட்கார்ந்தான். வெர்னா அவன் தட்டை நிரப்பினாள். எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்குப் பக்கத்துப் பலகையில், அடியிலிருந்து குளிர் சீறும் இடத்தில் வைத்தாள். பிறகு எனக்கும் நோர்பர்ட்டுக்கும் பரிமாறினாள். நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அந்தத் தட்டு அவனிடம் போயிற்று. கொழுப்பு வெள்ளையாய் உறைந்து மேலே நின்றது.

ஸ்டெய்னி தட்டைப் பார்த்தான்.

“என்ன, விஷம் போட மறந்துட்டியா?”

“விஷத்துக்குச் செலவு ஆகும். உனக்கு எதுக்கு அவ்வளவு?”

நோர்பர்ட் தலையைக் குனிந்துகொண்டான். நான் சிரிப்பை மறைக்கக் காலிக் கிண்ணத்தை வாயில் கவிழ்த்துக்கொண்டேன். ஸ்டெய்னி கத்தியால் கொழுப்பை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டான். அவன் தட்டை அடுப்பில் காட்டிச் சூடு பண்ணியிருக்கலாம். ஆனால் அடுப்புக்குப் போக வெர்னாவைத் தாண்ட வேண்டும். அவள் நகரமாட்டாள். நகரச் சொன்னால் ஏன் என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சைத் தொட அவனுக்குத் தைரியமில்லை.

அவளை அனுப்பவும் முடியவில்லை. “அவ போனா நாங்களும் போயிடுவோம்” என்று நான்தான் ஒருமுறை சொன்னேன். அவள் கைப்பக்குவம் அப்படி. ஸ்டெய்னி எங்கள் மேல் வஞ்சம் தீர்த்தான். காற்று அடிக்கும் நாட்களில் தூரத்து வலைகளுக்கு அனுப்புவான். வெர்னாவின் விறகைக் கணக்காகத்தான் கொடுப்பான். ஈர விறகைப் பொறுக்கி அவள் பக்கம் தள்ளுவான். அவள் அதை அடுப்படியில் காயவைத்து எரித்தாள்.

நோர்பர்ட்டுக்கு மட்டும் அவள் தனியாக எடுத்துவைப்பாள். பிக்கெரல் மீனின் கன்னச்சதை இருக்கிறதே, ஒரு காசு அகலத்துக்கு, அதை ஒவ்வொரு தலையிலிருந்தும் தோண்டியெடுத்து வெண்ணெயில் புரட்டி அவன் கிண்ணத்தில் போடுவாள்.

“எனக்கு எங்கேக்கா?” என்று கேட்டேன் ஒரு தடவை.

“நீ கிளிஃபர்டோட பெரியப்பா பிள்ளையா? வாயை மூடிக்கிட்டு ரொட்டியைத் தின்னு.”

நோர்பர்ட் அதைச் சாப்பிடும்போது யாரையும் பார்க்கமாட்டான். பக்தியாகச் சாப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெர்னாவும் கிளிஃபர்டும் கொஞ்சிக்கொண்டே வாழ்ந்தவர்கள் இல்லை. மரம் வெட்டும் முகாமில் சமைத்துக்கொண்டிருந்தவளை அவன்தான் ஊருக்கு அழைத்து வந்தான். அவனோடு அவள் சண்டை போட்டது ஊருக்கே கேட்கும். ஆனால் கிளிஃபர்ட் கிறிஸ்துமஸுக்குக்கூடக் குடிக்காதவன். அவன் அப்பா குடித்தே செத்தவர். ஸ்டெய்னி சொன்னது தேவாலயத்தில் காதில் விழுந்தபோது வெர்னா அழவில்லை; பாதி ஜெபத்தில் எழுந்து வெளியே போனாள் என்று என் அம்மா சொன்னாள்.

மார்ச் வந்தது. பகலில் வெயில் கொஞ்சம் உறைக்க ஆரம்பித்தது. வடக்கே வெடிப்பு ஒன்று ஓடியிருந்தது. அகலம் அதிகமில்லை, ஆனால் ஓரங்கள் கறுத்திருந்தன. மீன் அதற்கு அப்பால்தான் இருந்தது. எங்கள் வலைகள் வெறுமையாக வந்துகொண்டிருந்தன.

ஒரு காலை ஸ்டெய்னி கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னான்: “பெர்சி, வண்டிய எடு. பலகை போட்டுத் தாண்டிடலாம்.”

“ஓரம் சரியா இல்லையே.”

“எத்தனை வருஷமா நான் இந்த ஏரியில இருக்கேன்? எடு.”

வண்டியில் ஏறி இன்ஜினைக் கிளப்பினேன். வெர்னா குடிலிலிருந்து கோட்டுகூடப் போடாமல் வெளியே வந்தாள். மாவு ஒட்டிய கையால் வண்டிக் கதவைத் திறந்தாள்.

“இறங்கு.”

“அக்கா, முதலாளி…”

“அவன் சொல்லித்தான் ஒருத்தன் கீழ கிடந்தான். இறங்குடா.”

இறங்கினேன். ஸ்டெய்னியின் முகம் சிவந்துபோயிற்று. “பொம்பள சொன்னா இறங்குவியா? நகரு.” அவனே ஏறி ஓட்டினான். நோர்பர்ட் பலகைகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவன், வெடிப்பு வந்ததும் நின்றுவிட்டான். ஒரு அடிகூட மேலே எடுத்துவைக்கவில்லை. ஸ்டெய்னி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையசைத்தான். நோர்பர்ட் பலகைகளைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். அப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். பயம் மட்டும் இல்லை அது.

ஸ்டெய்னியே இறங்கிப் பலகைகளை இழுத்துப் போட்டு, மறுபடி ஏறி வண்டியை விட்டான். முன் சறுக்குகள் தாண்டின. பின்பக்கம் ஏறும்போது ஓரம் சத்தமே இல்லாமல் உள்வாங்கிற்று. வண்டி வாலைக் கீழே விட்டுக்கொண்டு சாய்ந்தது. கூரைக் கதவு வழியாக அவன் வெளியே வந்து விழுந்தான். பனியில் இல்லை, தண்ணீரில். நானும் நோர்பர்ட்டும் வயிற்றில் ஊர்ந்து போய்க் கயிறு வீசினோம். இழுத்துப் போட்டபோது அவன் உடை அதற்குள் பலகை மாதிரி விறைத்திருந்தது.

குடிலில் வெர்னா துணிகளைக் கத்தியால் கிழித்தாள். தன் கம்பளிகளையெல்லாம் அவன் மேல் போட்டாள். அடுப்பில் சர்க்கரை போட்ட தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் கை நடுக்கத்தில் கிண்ணம் நிற்கவில்லை. அவளே ஒரு கையால் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, கரண்டியால் ஊதி ஊதி ஊட்டினாள். பிறகு சூப்பின் தெளிவை ஊட்டினாள். அந்தக் குளிர்காலத்தில் அவன் வாய்க்குள் போன முதல் சூடு அதுதான். ஊட்டும்போது அவள் முகத்தில் இரக்கம் எதுவும் இல்லை. குழந்தைக்குக் கசப்பு மருந்து புகட்டுகிறவள் மாதிரி இருந்தாள்.

பல் தந்தியடிப்பது நின்றதும் ஸ்டெய்னி, “தேங்க்ஸ், வெர்னா” என்றான்.

“உனக்காகச் செய்யல. செத்துப்போனா நீ எதையும் சொல்ல முடியாது. இப்ப சொல்லு. கிளிஃபர்ட் குடிச்சிருந்தானா?”

அடுப்பில் விறகு வெடித்தது. ஸ்டெய்னி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

“நான் சொன்னது சொன்னதுதான். குடிச்சிருந்தான்.”

கரண்டியை அவள் பானைக்குள் விட்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்போது நோர்பர்ட் வாசலிலிருந்து பேசினான்.

“அவன் குடிக்கல.”

யாரும் திரும்பவில்லை.

“ஃபிளாஸ்க்ல டீதான் இருந்துது. நீ ஊத்திக் குடுத்த டீ, வெர்னா. எனக்கும் ஒரு மூடி குடுத்தான். ஓரம் கறுத்திருக்கு, வேணாம்னுதான் சொன்னான். இவன்தான் போகலைன்னா நாளைக்கு வராதேன்னான். நான் பக்கத்துல கயித்தப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.”

“அப்ப போலீஸ்ல பார்க்கலைன்னு ஏன் சொன்ன?” என்று ஸ்டெய்னி கத்தினான். குரல் இன்னும் நடுங்கிற்று. “இப்ப வந்து யோக்கியனாயிட்டியா?”

“குளிர்காலத்துல எனக்கு வேற யாரு வேலை குடுப்பா? நீதானே சொன்ன, வாயைத் திறந்தா இந்தக் கரையில ஒருத்தனும் சேர்த்துக்கமாட்டான்னு.”

வெர்னா மெல்லத் திரும்பினாள். ஸ்டெய்னி பக்கம் இல்லை, நோர்பர்ட் பக்கம். அவன்மேல் அவள் பார்வை நின்ற நேரம் எனக்கு மிகவும் நீளமாக இருந்தது.

“குளிர்காலம் பூரா என் கையால கன்னச்சதை தின்னியே, நோர்பர்ட்.”

“தெரியும்.”

“எப்படிடா தொண்டையில எறங்குச்சு?”

நோர்பர்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய், பனியில் நின்றான். நான் கூப்பிடப் போனபோது, “போ, பெர்சி. உள்ளே போ” என்றான்.

அன்று மாலை அவள் சமைத்தாள். வறுத்த மீன், உருளைக்கிழங்கு. மூன்று தட்டுகளையும் ஒரே நேரத்தில் மேசையில் வைத்தாள், மூன்றிலும் ஆவி பறந்தது. கன்னச்சதை எதிலும் இல்லை. அவள் சாப்பிடவில்லை. நோர்பர்ட் ஒரு கவளம் எடுத்துவிட்டு வைத்துவிட்டான்.

மறுநாள் பக்கத்துக் குழுவின் வண்டி எங்களைத் தேடி வந்தது. வெர்னா தன் கத்தியையும் இரண்டு பானையையும் சாக்கில் போட்டுக்கொண்டு ஏறினாள். நோர்பர்ட் பின்னால் மீன் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தான். கரையில் போலீஸ்காரரிடம் அவனே போய்ச் சொன்னான். எழுதிக்கொண்டார்கள். ஸ்டெய்னியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தான் குளிரில் புத்தி கலங்கிக் கிடந்தபோது ஏதேதோ பேசினார்கள் என்று அவன் சொன்னான். சட்டப்படி வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அடுத்த குளிர்காலம் பெலிக்கன் முனையிலிருந்து ஒருவன்கூட அவனிடம் வேலைக்குப் போகவில்லை. வெளியூர் ஆட்களை வைத்து ஒரு பருவம் ஓட்டினான். பிறகு வலைகளை விற்றுவிட்டுத் தெற்கே மகள் வீட்டுக்குப் போனான். கிளிஃபர்ட் குடிகாரன் என்ற பேச்சு அதற்குப் பிறகு ஊரில் யார் வாயிலும் வரவில்லை.

வெர்னா கிழக்குக் கரையின் குழு ஒன்றுக்குச் சமைக்கப் போனாள். முழங்கால் விட்டுப்போகும்வரை ஒவ்வொரு குளிர்காலமும் பனியில்தான் இருந்தாள். அங்கே அவள் சூப்புக்காகவே ஆட்கள் சம்பளம் குறைத்துக்கொண்டு வந்தார்கள் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் மிகைதான்.

நோர்பர்ட்டை அவள் மன்னிக்கவில்லை. அவள் வேலையை விட்டு ஊரோடு இருந்துவிட்ட பிறகு, பனி கொட்டும்போதெல்லாம் அவன் விடியுமுன் வந்து அவள் வீட்டு வழியைத் தள்ளிச் சுத்தம் செய்துவிட்டுப் போவான். அவள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள், கதவைத் திறக்கமாட்டாள். வாசலில் அவன் வைத்துவிட்டுப் போகும் மீனை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டு நாய்களுக்குப் போடுவாள். “ஒரு வார்த்தை பேசக் கூடாதாக்கா?” என்று நான் கேட்டேன்.

“ஸ்டெய்னி என் எதிரி. எதிரி அப்படித்தான் இருப்பான். இவன் என் அடுப்படியில உட்கார்ந்திருந்தான்.”

நோர்பர்ட் இறந்தபோது ஜனவரி. உறைந்த மண்ணை இளக்கித் தோண்ட நெருப்பு மூட்ட வேண்டியிருந்தது. ஆண்கள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தோம். சாலையில் ஒரு கார் வந்து நின்றது. வெர்னா கைத்தடியோடு இறங்கி, பின்னாலிருந்து பெரிய பானையை எடுக்கச் சொல்லி எனக்குச் சைகை காட்டினாள். மூடியைக் கம்பியால் கட்டியிருந்தாள். பார்லி சூப்.

“நோர்பர்ட்டுக்காகவா?” என்று கேட்டேன்.

“குழி தோண்டுறவங்களுக்கு. ஆறிடும், சீக்கிரம் ஊத்து.”

கல்லறைப் பக்கம் அவள் வரவில்லை. நாங்கள் குடித்து முடிக்கும்வரை காரில் உட்கார்ந்திருந்தாள். பானை காலியானதும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டுப் போனாள்.