லிஃப்ட்காரர் வீட்டு விமானம்

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து வந்திருக்கும் ஒரு அக்காவைக் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித்தான் ஏஜென்சியில் என்னை அந்த வீட்டுக்கு நர்ஸாக அனுப்பினார்கள். போய்க் கால்மணி நேரத்தில் புரிந்துவிட்டது, முதல் வேலை அக்கா இல்லை, ஒரு அறை என்று.

படுக்கையறை மாடியில். பதினாலு படி. அக்காவுக்கு இன்னும் மூன்று மாதத்துக்குப் படி என்ற பேச்சே கிடையாது. அதனால் முன்கூடத்தில் மடக்குக் கட்டிலில் கிடந்தார். கூடம் என்றால் வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு நடைபாதை. வருகிறவர் போகிறவர் எல்லாரும் அவர் தலைமாட்டை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். ஏற்றி இறக்கும் மருத்துவக் கட்டில் அடுத்த திங்கட்கிழமை வருகிறது. அதைப் போட ஏற்ற இடம் கீழ்த்தளத்தில் ஒன்றே ஒன்று: குளியலறையோடு சேர்ந்த பின்னறை. அளவு பார்க்கலாம் என்று கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு விமானம் நின்றது.

மூக்கும் இறக்கையும் இல்லாத விமானம். வெள்ளைக் கூண்டு, அதற்குள் ஒரே நாற்காலி, பிடித்துத் திருப்ப ஒரு கைப்பிடி, எதிரே அலமாரி அகலத்துக்கு ஒரு பழைய கண்ணாடித் திரை. முன்பெல்லாம் விளையாட்டுக் கூடங்களில் இருக்குமே, காசு போட்டு ஏறி உட்கார்ந்தால் திரையில் விமானம் சாயும்போது நாற்காலியும் கூடவே சாயும், அந்த மெஷின். அதன் அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை அக்காவின் வீட்டுக்காரருடையவை.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்ததில் தெரு முழுக்க அவர் லிஃப்ட்காரர். ஏதோ ஒரு வணிகக் கட்டடத்தின் அடித்தளத்தில் விளையாட்டுக் கூடம் மூடிப்போனபோது, லிஃப்டுக்கு வழியை அடைத்துக்கொண்டு நின்ற இந்த மெஷினை அகற்றச் சொல்லியிருக்கிறார்கள். அவர் மூன்று துண்டாகக் கழற்றி வீட்டுக்கே அகற்றிவிட்டார். ஓய்வு பெறும்வரை அது துணி போர்த்திக் கிடந்தது. பிறகு ஐந்து வருடமாக அவருடைய பகல் பொழுதெல்லாம் அதற்குள்தான்.

"இதுவும் லிஃப்ட்தான் சிஸ்டர். அது மேலயும் கீழயும் போகும், இது இப்படியும் அப்படியும் சாயும். வேற ஒண்ணுமில்ல" என்றார், அடியிலிருந்து எழாமலேயே.

"லிஃப்டுல ஏறினவங்க ஒரு மாடிக்காவது போய்ச் சேருவாங்க" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். இரண்டு சுவர் தாண்டியும் காது கேட்கும், வாயும் எட்டும்.

சனிக்கிழமை மெஷினுக்கு ஆள் வருகிறது என்றார்கள். பழைய விளையாட்டு மெஷின்களைச் சேர்த்து ஒரு கூடம் நடத்தும் பெண். முன்பு ஒருமுறை மெஷினைப் பார்க்க வந்தபோது அக்கா அவருக்கு வைத்த பெயர் நெட்டை மேடம். அவர் போனில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருந்தார்: ஆள் ஏறி உட்கார்ந்து ஒரு ஆட்டம் முழுக்க ஓடினால் மெஷினை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கூடத்தில் நிறுத்துவார். ஓடாவிட்டால் திரையும் மோட்டாரும் மட்டும் போதும், மிச்சம் பழைய இரும்புக்கு. ஓடாத மெஷினை வைக்க அவருக்கும் இடம் இல்லையாம்.

"உடைச்சிடுவாங்க சிஸ்டர்" என்றார் லிஃப்ட்காரர். ஒரு திருகாணியைத் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு முறை சொன்னார்.

"முழுசாவோ உடைச்சோ, திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு ரூம் காலியா இருக்கணும் சார்" என்றேன். நான் கட்டிலின் கட்சி.

அக்கா பதினொரு மணிக்கு மாத்திரை போட்டால் ஒரு மணி நேரம் தூங்குவார். செவ்வாய்க்கிழமை அந்த நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் கதவோரம் போய் நின்றேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் இருபது கிலோ இரும்பு எடைகள் நான்கை வைத்து வாரால் கட்டியிருந்தார். லிஃப்டைச் சோதிக்கும் எடைகளாம். இடது பக்கம் சாய்ந்தது, வலது பக்கம் சாய்ந்தது, பின்னால் போனது, முன்னால் வந்தது, வழுக்கிக்கொண்டு போவதுபோல.

"நல்லாத்தானே ஓடுது?"

"எடை உக்காந்தா நாள் பூரா ஓடும். நான் உக்காந்தா முப்பத்தஞ்சு செகண்டு."

எடைகளை இறக்கிவிட்டு அவர் ஏறினார். கொஞ்ச நேரம் சாய்ந்தது. பிறகு நாற்காலிக்குக் குளிர் ஜுரம் வந்ததுபோல ஒரு நடுக்கம். சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றது.

ஏன் நிற்கிறது என்று கேட்டேன். இறங்கி உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். நாற்காலியின் அடியில் குமிழ் மாதிரி ஒன்று இருக்கிறது. நாற்காலி இப்போது எங்கே இருக்கிறது என்று அது மெஷினை இயக்கும் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி மோட்டாரிடம், இந்த இடத்துக்குப் போ என்று சொல்லும். சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால், யாரோ சிக்கிக்கொண்டார்கள் என்று எண்ணி எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

"அப்போ யாரோ சிக்கியிருக்காங்க."

"யாரு சிஸ்டர்? நான் மட்டும்தானே இருக்கேன்!"

ஐந்து வருடம் எங்கே போனது என்றும் கேட்டேன். கூண்டின் வெடிப்புகளை ஒட்டவே ஒரு வருடம். பிறகு திரை. பழைய டிவி மாதிரி அதன் கண்ணாடிக் குழாய்க்குள் அணைத்த பிறகும் கரன்ட் தங்கியிருக்குமாம். அதைத் திறக்கிற நாளில் அறைக்குள் யாரையும் விடமாட்டார். சர்க்யூட் போர்டில் பேட்டரி கசிந்து கரன்ட் ஓடும் தடங்களை அரித்திருந்தது. ஒவ்வொன்றாகக் கம்பி வைத்துப் பற்றவைத்தார். திரையில் படம் வந்தது இரண்டு மாதத்துக்கு முன்புதான். ஆள் ஏறுவதற்குத் தயாரானது, அக்கா விழுந்த அதே வாரம்.

புதன்கிழமை என்னை ஏறச் சொன்னார்.

"சிஸ்டர், பறக்குறதுன்னா என் மாத்திரைய எடுத்து வச்சிட்டுப் பறங்க" என்றார் அக்கா.

ஏறினேன். வாரைப் போட்டேன். திரையில் மலை இடுக்கு, மேகம், கீழே ஒரு ஆறு. கைப்பிடியை இடது பக்கம் திருப்பினால் வயிறு வலது பக்கம் போனது. மூன்று நிமிடம். நிற்கவே இல்லை. கடைசியில் ஒரு மலையில் மோதி ஆட்டம் முடிந்தது.

லிஃப்ட்காரர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் இன்னும் சுருங்கிவிட்டது. "நீங்க லேசு. அதான்" என்றார். ஆனால் எண்பது கிலோ எடைக்கு நிற்கவில்லையே? அவரோ எழுபத்திரண்டு கிலோ. மறுபடி ஏறினார். முப்பத்தெட்டு செகண்டு.

"இதுக்கு என்னையப் பிடிக்கல."

"எனக்கும் நாப்பது வருஷமா அதே குழப்பம்தான்" என்றது கூடம்.

அன்றே ஒரு நோட்டு போட்டேன். ஜுரம் விட்டு விட்டு வந்தால் நேரத்தோடு எழுதிவைப்பதுபோல, யார் ஏறினார்கள், எவ்வளவு நேரம் ஓடியது என்று. வியாழக்கிழமை அவர் மோட்டாரை வெளியே எடுத்துப் பிரித்துத் துடைத்து மாட்டினார். பெல்ட்டை மாற்றினார். குமிழை மாற்றினார். கையில் அகப்பட்டவர்களையெல்லாம் ஏற்றினோம். பக்கத்து வீட்டுத் தையல்காரர், லிஃப்ட்காரரைவிட நாலு விரல் உயரம்: இருபத்திரண்டு செகண்டு. கடிதம் கொண்டுவந்த தபால்காரர், ஆள் பனைமரம் மாதிரி: பன்னிரண்டு. நான் இன்னொரு முறை: முழு ஆட்டம், அதே மலை.

"சார், உயரமா இருக்கிறவங்களுக்குத்தான் சீக்கிரம் நிக்குது. நான் குள்ளம், எனக்கு நிக்கவே இல்ல."

"உயரத்துக்கும் மோட்டாருக்கும் என்ன சிஸ்டர் சம்பந்தம்?" என்று சிரித்தார். நோட்டை மூடிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அக்காவை முதல் முறையாகச் சக்கர நாற்காலியில் வைத்துக் குளியலறைக்குக் கூட்டிப்போனேன். பின்னறை வழியாகத்தான் போக வேண்டும். லிஃப்ட்காரர் மெஷினில் உட்கார்ந்து, அன்றைக்கு நாலாவது தடவையாகவோ ஐந்தாவது தடவையாகவோ சாய்ந்துகொண்டிருந்தார். அவரை வேடிக்கை பார்த்ததில் அக்காவின் நல்ல கால், சக்கர நாற்காலியின் பலகையிலிருந்து நழுவித் தரையில் ஊன்றிவிட்டது. நாற்காலி சட்டென்று ஒரு பக்கம் இழுத்து நின்றது.

"அக்கா, கால எடுத்து பலகையில வைங்க. நீங்க தரையில ஊனிக்கிட்டா நான் எப்படித் தள்றது? நாற்காலி போகணும்னா காலும் அதோடயே வரணும்."

சொல்லி முடிக்கும்போது மெஷின் நடுங்கத் தொடங்கியது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். இரண்டு பாதமும் ஒரு கறுப்பு இரும்புப் பலகையில் அழுந்தியிருந்தன. பலகை நாற்காலியில் இல்லை. அடியில் அசையாமல் நிற்கும் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. நாற்காலி வலது பக்கம் சாயச் சாய, யாரும் செய்வதுபோல அவர் காலை உதைத்துத் தன்னை நிமிர்த்திக்கொள்ளப் பார்த்தார். மோட்டார் இழுத்தது. கால் விடவில்லை. சிவப்பு விளக்கு.

"சார், கால் ரெண்டையும் தூக்கிக்கிட்டு ஓட்டுங்க."

"என்னது?"

"காலத் தூக்குங்க. அந்தரத்துல வச்சுக்குங்க."

தூக்கினார். பட்டனை அழுத்தினார். சாய்ந்தது. ஒரு நிமிடம். ஒன்றரை. அறுபத்தெட்டு வயதில் இரண்டு காலையும் காற்றில் நீட்டிக்கொண்டு, வயிறு வெடவெடக்க, மலை இடுக்கில் பறந்துகொண்டிருந்தார். இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்க முடியாமல் காலைக் கீழே வைத்தார். மூன்றே சாய்வில் மெஷின் நின்றது.

எனக்கு ஏன் நிற்கவில்லை என்பதும் புரிந்துபோயிற்று. என் கால் அந்தப் பலகைக்கு எட்டவே இல்லை.

அவர் இறங்கிக் குனிந்து பலகையின் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். அசல் பலகை மெஷின் வரும்போதே காணாமல் போயிருந்தது. மங்கலான ஒரு படத்தைப் பார்த்து அவரே செய்து, உறுதியான இடம் என்று சட்டத்தில் முடுக்கி மூன்று வருடம் ஆகிறது.

"எங்க வேலையில எடைய வச்சுத்தான் ஓட்டிப் பாப்போம். அதுல சரியா ஓடிச்சுன்னா பாஸ். எடைக்குக் கால் இல்லையே சிஸ்டர்."

"லிஃப்டுக்குள்ள நிக்கிறவன் ஒரு கால வெளிய வச்சிருந்தா நீங்க கதவ மூடுவீங்களா?" என்றார் அக்கா சக்கர நாற்காலியிலிருந்து. "நல்லா முப்பத்தோரு வருஷம் பாத்தீங்க வேல. சிஸ்டர், முதல்ல என்னைப் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க, அப்புறம் அவரு ஆராய்ச்சி பண்ணட்டும்."

மத்தியானம் முழுக்க அறுக்கும் சத்தம். பலகையைக் கழற்றி, நாற்காலியின் அடியில் இரண்டு இரும்புக் கோணங்களை முடுக்கி, அதில் தொங்கவிட்டார். இப்போது பலகை நாற்காலியோடு சாய்ந்தது. ஆனால் இடது பக்கம் முழுக்கச் சாயும்போது கூண்டின் சுவரில் இடித்தது. மறுபடி கழற்றி மூன்று விரல் அளவு அறுத்தார். மாட்டியதும் எடைகளைத் தூக்கி நாற்காலியில் வைக்கப் போனவர், பாதியில் நின்று அவற்றைச் சுவரோரம் இறக்கினார். தையல்காரரைக் கூப்பிட்டு வரச்சொல்லி, அவரை உட்காரவைத்துத்தான் நாற்காலியின் நடுநிலையைத் திருத்தினார். தையல்காரர் நாலு ஆட்டம் ஆடினார். அவருடைய மனைவி வந்து கூப்பிட்ட பிறகுதான் இறங்கினார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு நெட்டை மேடம் வந்தார், சுமை தூக்க இரண்டு பேரோடு. அக்கா வைத்த பெயரில் மிகை இல்லை. கதவில் குனிந்துதான் நுழைந்தார். அக்கா தன்னையும் அறை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். கால் பலகையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தள்ளினேன்.

மேடம் ஏறி உட்கார்ந்தபோது முழங்கால் மார்புவரை வந்தது. பாதம் பலகையில் நன்றாக அழுந்தியது. லிஃப்ட்காரர் நிறுத்தும் பட்டன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். தபால்காரரின் பன்னிரண்டு செகண்டு தாண்டியது. முப்பத்தெட்டு தாண்டியது. ஒரு நிமிடத்தில் பலகையின் கோணம் ஒன்று கிறீச்சிட்டது. லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கிறீச்சிட்டதே தவிர வேறொன்றும் ஆகவில்லை. என்னுடைய மலையை மேடம் சுலபமாகத் தாண்டிப் போய், அதற்கு அப்புறம் ஒரு கடல் இருக்கிறது என்று எங்களுக்குக் காட்டினார்.

இறங்காமலே இன்னொரு ஆட்டம் ஆடினார். பிறகு, "முழுசா எடுத்துக்கறேன்" என்றார். குனிந்து கால் பலகையைத் தடவிப் பார்த்து, "இது மட்டும் அசல் இல்லையே?" என்று கேட்டார்.

"நான் செஞ்சது. தப்பான இடத்துல மாட்டியிருந்தேன். நேத்துதான் சரி பண்ணேன்."

மேடம் அவரையே பார்த்தார். "எங்கிட்ட இதே மாதிரி இன்னும் ரெண்டு கிடக்கு. ஒண்ணு கார், ஒண்ணு படகு. நாலு பேரு பாத்துட்டாங்க, எல்லாரும் சரி பண்ணிட்டேன்னுதான் சொன்னாங்க, ஓடத்தான் மாட்டேங்குது. வந்து பாக்குறீங்களா?"

லிஃப்ட்காரர் அக்காவைப் பார்த்தார்.

"போய்ப் பாருங்க. அங்கயே பாருங்க" என்றார் அக்கா. "ஒரு திருகாணி இந்த வாசலத் தாண்டி உள்ள வந்துச்சு, அப்புறம் உங்களப் பாத்துக்க ஒரு சிஸ்டர் தேவைப்படும்."

மதியத்துக்குள் மூன்று துண்டாக வண்டியில் ஏறியது. கயிற்றை அவரே கட்டினார், ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். நான் அறையைக் கழுவி விட்டேன். எண்ணெய்க் கறை போக இரண்டு நாள் பிடித்தது.

திங்கட்கிழமை எட்டரைக்கே கட்டில் வந்தது. அக்காவை அதில் ஏற்றித் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டேன். அவர் சுற்றிலும் பார்த்து, "நம்ம வீட்டுல இவ்வளவு பெரிய ரூம் இருந்திருக்கு, எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். லிஃப்ட்காரர் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தார்.

"ஏங்க, அங்க என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"கையில என்ன?"

"அளக்குற டேப்பு."

"சுருட்டி உள்ள வைங்க."