கை ஊன்றி நீந்தியவர்கள்

நீச்சல் வகுப்புக்கான படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா? அதற்குக் கீழே மூன்று பெட்டிகள். முதலாம் நிலை, தண்ணீருக்குப் புதியவர்களுக்கு. இரண்டாம் நிலை, மிதக்கத் தெரிந்தவர்களுக்கு. மூன்றாம் நிலை, ஆழத்தில் தனியே நீந்தக்கூடியவர்களுக்கு. நான் யோசிக்கவே இல்லை. மூன்றாவது பெட்டியில் சரி போட்டேன். கடதாசி கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டேன் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அவர் அப்போது பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். அவருடைய தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டி வயல் செய்தவர்கள். அவர் கிளிநொச்சியில் பிறந்தவர்தான், ஆனாலும் பேச்சில் மலைநாடு இன்னும் போகவில்லை.

“முதல் வகுப்புலயே போடுவோமே. பிள்ளைக்கு என்ன அவசரம்?” என்றார்.

“முதல் வகுப்போ? முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளையை, கால் நனைக்கவே பயப்பிடுற அஞ்சு வயசுகளோட விடச் சொல்றியளோ?”

“கடற்கரை நீங்க. பிள்ள பொறந்தது வயக்கரையில.”

“ரத்தம் எங்கட ரத்தம்” என்றேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார். பதினொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்பதை மனிதர் நன்றாகவே படித்து வைத்திருந்தார். தண்ணீரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று எனக்குள் ஓர் இளக்காரமும் இருந்தது. என் அப்பாவும் அண்ணாவும் கடலில் தொழில் செய்தவர்கள். எங்கள் கரையில் ஒருவனைப் பார்த்து உனக்கு நீந்தத் தெரியாது என்று சொன்னால், அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் நீந்துவதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். பள்ளிக்கூட விடுமுறை என்றால் அண்ணா வீட்டுக்குத்தான் போவோம். அண்ணா இப்போது கடலுக்குப் போவதில்லை, வற்றாப்பளைப் பக்கமாகக் களப்பில் இறால் பிடிக்கிறார். வீட்டுக்குப் பின்னாலேயே களப்பு. பெரியவர்களுக்கு இடுப்பளவு, கரையோரத்தில் முழங்காலளவு, கலங்கிய தண்ணீர். அதில் என் மகள் நாடியைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, காலால் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீரை அடித்துக்கொண்டு, கரையோரமாகவே விறுவிறு என்று போவாள். அண்ணா கரையில் நின்று கை தட்டுவார்.

“தங்கச்சி, பாரடி! எங்கட பிள்ளை!”

நானும் கை தட்டுவேன். கைபேசியில் படம் பிடித்து வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களுக்கெல்லாம் அனுப்பினேன். நான் வேலை செய்கிற மருந்துக் கடைக்கு இருமல் பாணி வாங்க வந்தவர்களும் தப்பவில்லை, அவர்களுக்கும் காட்டினேன்.

முதல் வகுப்பு ஒரு சனிக்கிழமை காலை. மோட்டார் சைக்கிளில் மூவரும் போனோம். மகளுக்குப் புதுத் தொப்பி, புதுக் கண்ணாடி. பெற்றோர் இருப்பதற்குத் தடாகத்தின் ஓரமாக நீளமான வாங்குகள் போட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணின் மகன் முதலாம் நிலையில் சேர்ந்திருந்தான், ஏணியைப் பிடித்துக்கொண்டு அழுதான். “பயப்பிடாதேங்கோ, பழகப் பழகச் சரியா வரும். என்ர பிள்ளை மூண்டாம் நிலை” என்று அவளைத் தேற்றினேன். தேற்றினேன் என்று எழுத இப்போது கை கூசுகிறது.

ஆழமான பக்கத்தில் ஆறு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பழக்குகிறவர் ஓர் இளம் பெண், பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் மிஸ். அவர் தண்ணீருக்குள் இறங்கி நின்றார்.

“ஒவ்வொரு ஆளாக் குதிச்சு என்னட்ட வாங்கோ. நான் பிடிப்பன்” என்றார்.

இரண்டு பெடியன்கள் குதித்தார்கள். ஒரு பெண் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு குதித்தாள். அடுத்தது என் மகள். அவள் விளிம்பில் நின்று தண்ணீரைப் பார்த்தாள். களப்புத் தண்ணீர் போல இல்லை அது. அடியில் பதித்த நீலக் கல் வரைக்கும் தெரிந்தது, எவ்வளவு கீழே இருக்கிறது என்பதும் தெரிந்தது.

“குதி மகள்! குதி!” என்று வாங்கில் இருந்தே கத்தினேன். முழுத் தடாகமும் திரும்பிப் பார்த்தது.

அவள் குதிக்கவில்லை. வரிசையை விட்டு விலகினாள். விளிம்போரமாக நடந்து போய், மிஸ் நிற்கிற இடத்துக்கு நேரே குந்தினாள். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். என் வயிற்றில் பிறந்தவளுக்கு மெதுவாகப் பேச எங்கே வரும்?

“மிஸ், எனக்கு நீந்தத் தெரியாது. நான் களப்பில கையை நிலத்தில ஊண்டித்தான் போறனான். இஞ்ச நிலம் எட்டாது. என்னை முதலாம் நிலையில விடுங்கோ.”

“அம்மா மூண்டெண்டு எழுதியிருக்கிறா, பிள்ளை?”

“அம்மா கரையில நிண்டுதானே பாத்தவா.”

பக்கத்தில் இருந்த பெண் நல்லவள், ஒன்றும் கேளாதது போலத் தன் பைக்குள் எதையோ தேடினாள். கணவர் தடாகத்தைப் பார்க்காமல் மேலே தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் ஆழமான பக்கத்தில் இருந்து ஆழமில்லாத பக்கத்துக்கு நடந்தாள். அந்த நடை முடியவே முடியாது போல எனக்கு இருந்தது. ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் இறங்கினாள். மற்றப் பிள்ளைகளின் தலை அவள் தோளுக்குக்கூட வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி விடத் தொடங்கினாள்.

மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தோம். படலையைத் திறந்ததும் வெடித்தேன்.

“ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்களும் மாமாவும் கை தட்டினீங்கள். எப்பிடிச் சொல்றது?”

“அதுக்கு? அத்தனை சனத்துக்கு முன்னால என்ர மானத்தை வாங்குறதோ?”

அவள் ஈரத் துவாயைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். அழவில்லை, கோபமும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“அப்ப நான் குதிச்சுத் தாழட்டோ, அம்மா?”

நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அடுப்பு மூட்டவில்லை. குசினி வாங்கில் இருந்துவிட்டேன். அந்தப் படிவத்தில் நான் போட்ட சரி கண்ணுக்குள்ளேயே நின்றது. அவள் கொஞ்சம் வெட்கப்படுகிறவளாக இருந்திருந்தால், அம்மாவின் பேச்சுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு குதித்திருப்பாள். மிஸ் பிடித்திருப்பார், அது எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு இந்தப் பிள்ளை தண்ணீர்ப் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்குமா?

கொஞ்ச நேரத்தில் கணவர் வந்தார். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு சொல் சொல்லவில்லை. தேத்தண்ணி போட்டு என் முன்னால் வைத்தார். அந்த ஒரு தேத்தண்ணிதான் என் வாயைத் திறக்க வைத்தது. பதினொரு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

கையை நிலத்தில் ஊன்றிப் போகிற அந்த வித்தை எனக்குப் புதிதில்லை. அது என்னுடைய வித்தை. எங்கள் கரையில் ஆண் பிள்ளைகளை அப்பாமார் வள்ளத்தில் கொண்டுபோய்த் தண்ணீருக்குள் தள்ளிவிடுவார்கள், அவர்கள் கையைக் காலை அடித்துப் பழகிவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு மணலில் வேலை. வலையில் மீன் கழற்ற வேண்டும், கருவாடு காய வைக்க வேண்டும், காகம் கலைக்க வேண்டும். எங்களை ஒருவரும் வள்ளத்தில் ஏற்றவில்லை. எனக்குப் பத்து வயதில் அது பொறுக்கவில்லை. களப்புக்குள் இறங்கி, சேற்றில் கையை ஊன்றி, காலை மட்டும் தூக்கி அடித்துக்கொண்டு போனேன். கரையில் நின்ற அண்ணா, “இவளுக்கு நீந்தத் தெரியும்!” என்று கத்திக் கை தட்டினார். அன்றில் இருந்து நான் நீந்தத் தெரிந்தவள். ஊருக்கு அப்படி, சிநேகிதிகளுக்கு அப்படி, கலியாணம் பேசி வந்த இவருக்கும் அப்படி.

அவர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மேசையில் சிந்தியது.

“அதான் குளத்துக்குப் போனா நீங்க மட்டும் கரையிலயே குந்தியிருப்பீங்க! குளத்துத் தண்ணி ஒடம்புல அரிக்கும்னு சொன்னது?”

“அதுவும் பொய்தான்.”

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். நான் செய்ததையே அவளும் செய்வாள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்ற விடவில்லை, அதுதான் உண்மை. எனக்குத் தெரியாமல் போனது அவளுக்காவது தெரிந்திருக்கிறது என்று நம்ப ஆசைப்பட்டேன். கலங்கல் தண்ணீர் அந்த ஆசைக்கு வசதியாக இருந்தது.

அந்த மத்தியானம்தான் எனக்கு மகளை நினைத்து நெஞ்சு நிறைந்தது. பத்து வயதில் அந்தக் கை தட்டலை நான் விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டேன், முப்பது வருடம் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவள் ஒன்பது வயதில், அத்தனை பேர் பார்க்க, அது என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டு நடந்து போனாள். எனக்கு வராத துணிவு அது. அவளைக் கூப்பிட்டு, “நீ சொன்னதுதான் சரி, மகள். அம்மா எழுதினதுதான் பிழை” என்றேன். “ஓம்” என்றாள். அவ்வளவுதான். பசிக்கிறது என்றாள்.

முதலாம் நிலையும் அவளுக்குச் சுகமாக இருக்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்குப் பயம் மட்டும்தான், அதைக் கலைத்தால் போதும். அவளுக்குப் பழக்கம். கவிழ்ந்து படுத்தவுடனே இரண்டு கையும் நேரே கீழே போகும். “கை இன்னும் நிலத்தைத் தேடுது, அக்கா” என்பார் மிஸ் என்னிடம். ஐந்து வயதுக் குஞ்சுகள் அவளைத் தாண்டி இரண்டாம் நிலைக்குப் போனார்கள். அன்றைக்கு ஏணியைப் பிடித்து அழுத பெடியனும் போய்விட்டான். ஒவ்வொரு சனியும் எனக்குள் பழைய பேய் எழும்பும், மிஸ்ஸிடம் போய்க் கதைத்து இவளையும் இரண்டாம் நிலைக்கு ஏற்றிவிட்டால் என்ன என்று. மகளைப் பார்ப்பேன். அவள் அந்தச் சின்னன்களுக்குத் தொப்பி போட்டுவிட்டுக்கொண்டு நிற்பாள். பேயை அடக்கிக்கொண்டு வாங்கில் இருப்பேன்.

மூன்றாம் மாதம் ஒரு காலை, அவள் கை கீழே போகவில்லை. முன்னால் போனது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, ஒரு கை, மறு கை, மூச்சுக்குத் தலையைத் திருப்பி, மறுபடியும் கை. இந்தச் சுவரில் இருந்து எதிர்ச் சுவர் வரைக்கும், தடாகத்தின் குறுக்கே, ஓரிடத்திலும் கால் ஊன்றாமல் போனாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. அவள் வயிற்றுக்கும் நீலக் கல்லுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை என்பதை நான் பார்த்தேன். எழும்பி நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. எப்போதும் சத்தம் போடாத என் கணவரும் கத்தினார்.

இரண்டாம் நிலைக்கு மறுபடியும் படிவம் தந்தார்கள். அதே கேள்வி. பேனையை மகளிடம் கொடுத்தேன். அவள் பெட்டியில் சரி போடாமல், பக்கத்து வெற்றிடத்தில் எழுதினாள்: “குறுக்காகப் போகத் தெரியும். நெடுக்காகப் போகத் தெரியாது.” மிஸ் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, இப்படி ஒரு படிவம் தனக்கு ஒருவரும் தந்ததில்லை என்றார். நான் அந்த வரியைப் படம் பிடித்து, முன்பு களப்புப் படம் அனுப்பிய அத்தனை பேருக்கும் அனுப்பினேன்.

போன மாதம் பெண்களுக்கு ஒரு வகுப்புத் தொடங்கினார்கள், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு, நீந்தத் தெரியுமா என்ற இடத்தில், தெரியாது என்று எழுதினேன். அதை எழுதியபோது பேனை அழுத்தவில்லை.

முதல் நாள் எட்டுப் பெண்கள் ஆழமில்லாத பக்கத்தில் இறங்கி நின்றோம், குளிரிலும் வெட்கத்திலும் தோளைக் குறுக்கிக்கொண்டு. வாங்கில், நான் எப்போதும் இருக்கிற இடத்தில், என் துவாயை மடியில் வைத்துக்கொண்டு மகள் இருந்தாள்.

“ஆருக்காவது நீந்தத் தெரியுமோ?” என்று மிஸ் கேட்டார்.

முப்பது வருடப் பழக்கம், கை தானாக மேலே போனது. பாதியில் மகளின் பார்வை பட்டது.

“எனக்குத் தெரியாது, மிஸ்” என்றேன். பிறகு, தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அதை வாங்குப் பக்கம் நீட்டினேன். “அந்தா இருக்கிறாள், என்ர மகள். அவளுக்குத் தெரியும்!”

“குறுக்கால மட்டும், அம்மா!” என்று வாங்கில் இருந்து சத்தம் வந்தது.