வேரில் ஒட்டாத மண்

கோழிக்கூட்டைத் திறப்பதற்கு முன் கிருஷ்ணராசா கதவை மூன்று தரம் தட்டுவார். உள்ளே இருப்பவை பதினொரு கோழிகள். தட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருப்பார். பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைப்பார். ஏன் என்று கேட்டேன்.

"சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் திறந்தா ஆருக்கும் நெஞ்சு இடிக்கும்தானே, பிள்ளை."

வடக்கு லண்டனில், பெருவீதியின் இரைச்சல் ஓயாமல் கேட்கும் இடத்தில், யூதச் சமூகத்தார் நடத்தும் சின்னப் பண்ணை அது. நாலு ஆடுகள், காய்கறிப் பாத்திகள், ஒரு பொலித்தீன் கூடாரம். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். வாகனம் ஓட்டமாட்டார்கள், பால் கறக்கமாட்டார்கள். அன்றைக்கு வெஸ்ட் ஈலிங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர் கிருஷ்ணராசாதான். எட்டு வருடமாக ஒரு சனி தவறியதில்லை. மனம் வந்தால் ஞாயிறும் வருவார்.

வயது அறுபத்தொன்று. தமிழ்க் கடை ஒன்றில் மீன் வெட்டுகிறார். பண்ணைக்கு முதல்முதல் வந்தபோது, மண்ணுக்கு நல்ல பசளை என்று ஒரு பை நிறைய இறால் கோது கொண்டுவந்தாராம். யூதர்கள் இறாலைத் தொடுவதே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. பையைத் திருப்பி அனுப்பினார்கள், ஆளை வைத்துக்கொண்டார்கள். "செதிள் இருந்தா மீன், இல்லாட்டி இல்லை. உவையின்ரை சட்டம் அவ்வளவுதான். மீன் வெட்டுறவனுக்கு விளங்காதே?" என்பார். வெள்ளி இரவு கைகளை மூன்று தரம் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவுகிறார். அப்படியும் ஆடுகள் அவரை முகர்ந்து பார்த்துத் தும்முகின்றன. "போங்கோடி, நீங்கள் மட்டும் பெரிய வாசமோ?" என்று அவர் பதிலுக்குத் திட்டுவார்.

நான் இரண்டரை வருடம் நாடு நாடாகத் திரிந்துவிட்டு வந்து, வீட்டுக்குள் இருக்கமுடியாமல், போன மாரிகாலத்தில் இங்கே களை பிடுங்க வந்தேன். எங்கெங்கே போனேன் என்று அவர் கேட்கவில்லை. "திரும்பி வர விசா தேவைப்படேல்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய விசாக் கதை சுருக்கமானது. ஜெர்மனியில் ஐந்து வருடம் இருந்தார், அகதிக் கோரிக்கையை மறுத்துவிட்டார்கள். லண்டனில் இரண்டு தடவை விசாரித்தார்கள். "ஊரிலை ஆமி என்னைப் பிடிச்சுக்கொண்டு போன நாளை ஒருக்காச் செவ்வாய் எண்டன், மற்ற முறை புதன் எண்டன். அந்த ஒரு நாளுக்கு ஒன்பது வருசம் காக்க வைச்சவை, பிள்ளை." அந்த ஒன்பது வருடத்தில், பேசிவைத்திருந்த பெண் காத்துக் களைத்து, கனடாவில் வேறொருவரை மணந்துகொண்டார். அன்றிலிருந்து கிருஷ்ணராசா ஒரு தடவை சொன்னதை மாற்றுவதில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்றாலும் யோசித்துத்தான் சொல்வார். சொன்னால் அதுதான்.

பண்ணையில் ஒரு பிளம் மரம் இருக்கிறது. ஹெட்டி என்ற யூத மூதாட்டி வைத்தது. அவருக்கு வயது எண்பத்தாறு. தாமும் கணவரும் நாற்பது வருடம் வாழ்ந்த வீட்டை, கணவர் இறந்தபின் விற்க வேண்டி வந்தபோது, கொல்லையில் நின்ற மரத்திலிருந்து ஒட்டுக் கன்று எடுத்து இங்கே நட்டார். அவர்கள் மதத்தில், நட்ட மரத்தின் பழத்தை மூன்று வருடம் உண்ணக் கூடாது, பிறருக்குக் கொடுக்கவும் கூடாது. அதற்குப் பிறகு உண்ணலாம். ஹெட்டி கணக்கு வைத்திருந்தார். அதன்படி இந்த ஆவணியில் உண்ணலாம்.

சென்ற வருடம் மாசி மாதத்தில் பெய்த மழைக்கு அந்தக் கன்றின் அடியில் நீர் கட்டி நின்றது. சனிக்கிழமை. பண்ணையில் வேறு யாரும் இல்லை. அழுகிச் செத்துவிடும் என்று பயந்த கிருஷ்ணராசா அதைத் தோண்டி எடுத்தார். நோய் தொடராதிருக்க வேரை வாளித் தண்ணீரில் அலசினார். மேட்டு நிலத்தில் நட்டார். மரம் பிழைத்தது.

மறுநாள் பண்ணைப் பொறுப்பாளரான ஷிரா அதைப் பார்த்து வாயில் கை வைத்தாள். அவர்கள் சட்டப்படி, மரம் உயிர்தரிக்கும் அளவுக்கு வேரில் மண் ஒட்டியிருந்தால், இடம் மாறினாலும் வருடக் கணக்குத் தொடரும். வெறும் வேரை நட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஒருவருக்கும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுகூடச் சிலர் சொன்னார்களாம். ஹெட்டிதான் மதகுருவுக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார்.

மதகுரு நல்ல மனிதர். "கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். வேர்களுக்கு நடுவே ஒரு கட்டி மண்ணாவது இருந்திருக்குமே?" என்று வழி எடுத்துக் கொடுத்தார். சுற்றி நின்ற எல்லோரும் கிருஷ்ணராசாவின் வாயையே பார்த்தார்கள்.

"காலமை ஷிராவுக்குச் சொன்னனான். அதுதான் இப்பவும். ஒரு பொட்டு மண் இல்லை. வடிவாக் கழுவினனான்."

அதை எனக்குச் சொல்லும்போது அவர் கத்தரிச் செடியில் இலை கிள்ளிக்கொண்டிருந்தார். "கேட்ட உடனை வாயிலை வந்திட்டுது, பிள்ளை. அவர் எனக்கு உதவி செய்யத்தான் கேட்டவர் எண்டு பஸ்ஸிலைதான் விளங்கினது."

கணக்கு முதலிலிருந்து தொடங்கிவிட்டதால் இந்த வருடப் பழத்தையும் உண்ணக் கூடாது. ஆனாலும் மரம் பூத்தது. அப்போதே கிள்ளிவிடச் சொன்னாள் ஷிரா. தேனீ வந்து போகட்டும் என்றார் கிருஷ்ணராசா. ஆனியில், காய்தானே, நிற்கட்டும் என்றார். போன ஞாயிறு பழங்கள் ஊதா நிறத்தில் பழுத்துத் தொங்கின. மறுநாள் விடுமுறைப் பிள்ளைகள் வருவார்கள், யாராவது வாயில் போட்டுவிடுவார்கள். "இன்றைக்கு முடிக்க வேண்டும், கிரிஷ்" என்றாள் ஷிரா. பழங்களைப் புதைக்க வேலியோரம் குழியும் வெட்டியாயிற்று.

ஹெட்டியை மகன் காரில் கொண்டுவந்து விட்டார். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்த உடம்பு. அடுத்த கோடையை எதிர்பார்க்க வேண்டாமென்று வைத்தியர் சொன்னதை, மழை வரப்போவதைச் சொல்வதுபோல ஹெட்டியே எல்லோருக்கும் சொன்னார். மரத்தடியில் நாற்காலி போடச் சொன்னார்.

கிருஷ்ணராசா ஒவ்வொன்றாகப் பறித்து வாளியில் போட்டார். கடைசிப் பழத்தைப் போடவில்லை. கைக்குள் பொத்திக்கொண்டு ஹெட்டிக்கு முன்னால் குந்தினார். அவருடைய ஆங்கிலத்தை நான் நம் பேச்சில் தருகிறேன்.

"ஹெட்டி அம்மா, மண் இருந்தது. ஒரு பக்கத்து வேரிலை நல்ல கட்டியா இருந்தது. நான் அண்டைக்கு வடிவாப் பாக்கேல்லை. இப்பதான் ஞாபகம் வருது."

ஷிரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் ஒரே விடயத்தை இரண்டு விதமாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

ஹெட்டி அவர் பக்கம் குனிந்தார். "பொய் சொல்ல உனக்கு இன்னும் பயிற்சி வேண்டும், கிரிஷ்" என்றார். சிரிக்க முயன்றார், இருமல்தான் வந்தது.

இருமி முடித்ததும், பழத்தைப் பொத்தியிருந்த அவருடைய கையை இழுத்து வாளிக்கு மேலே பிடித்தார். சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாக விரித்தார். பழம் விழுந்தது. விரிந்த கையை ஹெட்டி விடவில்லை.