ஊக்கு அக்காவின் நாலு விரல் தையல்

எங்கள் நாடகக் குழுவில் உடைகளைப் பார்த்துக்கொள்பவளை ஊக்கு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மார்பு முழுக்க இருபது முப்பது ஊக்குகளை வரிசையாகக் குத்திக்கொண்டுதான் நடமாடுவாள். மேடைக்குப் போகிற நேரத்தில் ஒருவனுக்குப் பொத்தான் தெறித்தால் பெட்டியைத் தேடிக்கொண்டிருக்க முடியாதல்லவா. நான் ஒப்பனைக்காரன். அவளுக்கும் எனக்கும் பன்னிரண்டு வருடமாக ஒரே அறை. கண்ணாடிப் பக்கம் எனக்கு, துணி மாட்டுகிற கம்பிப் பக்கம் அவளுக்கு.

புருஷன் இல்லாமல் ஒற்றை ஆளாக மகளை அந்த அறையில்தான் வளர்த்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் குழந்தை ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொள்ளப் பார்க்கும். "தள்ளி நில்லு, குத்தும்" என்பாள் அக்கா. ஒருநாள் கன்னத்தில் நிஜமாகவே குத்திவிட்டது. அதன் பிறகு அது பக்கவாட்டில் வந்து தோளால் இடித்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டது. இப்போது மகள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள்.

போன வருடம் எங்கள் குழு மூன்று மாதத்துக்குத் தொடர்ந்து புது நாடகங்கள் போட்டது. எல்லாமே குடும்பம், அக்கம்பக்கம் பற்றியவை. முதலாவதில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி. இரண்டாவதில் லிஃப்ட் பழுதானதால் ஒன்றுசேர்கிற ஏழு வீட்டுக்காரர்கள். மேடையில் எல்லாக் குடும்பமும் கடைசியில் சேர்ந்துவிடும். ஒப்பனையைக் கலைத்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பஸ் ஏறிவிடுவார்கள்.

மூன்றாவது நாடகம் ஒரு அம்மாவும் மகளும். சண்டை போட்டு வீட்டை விட்டுப் போன மகள் பத்து வருடம் கழித்துத் திரும்பி வருகிறாள். அம்மா அவளைக் கட்டிப்பிடிக்கிறாள், விளக்கு அணைகிறது. அந்த மகள் வேடத்துக்கு அக்காவின் மகளே வந்து, வசனம் பேசிக் காட்டித் தேர்வாகிவிட்டாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வீட்டுல வாயத் திறந்தா 'ம்', இல்லன்னா 'சரி'. இவ எப்படி நடிப்பா?" என்றாள் அக்கா. நடித்தாள். நன்றாகவே நடித்தாள். அங்கேதான் வினையே ஆரம்பித்தது.

அம்மா வேடம் போட்டவர் முப்பது வருட அனுபவம் உள்ள நடிகை. எல்லோருக்கும் அவர் மேடம். மகளுக்கு மட்டும் ஒத்திகை ஆரம்பித்த இரண்டாம் வாரமே 'அம்மா' ஆகிவிட்டார், மேடைக்கு வெளியிலும். அவர் தொண்டைக்கு ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து கொடுப்பாள்.

"எனக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுத்தவ இல்ல தம்பி அவ" என்று அக்கா என்னிடம் பொருமினாள். "பத்து மாசம் சுமந்தவ இங்க இஸ்திரி போட்டுக்கிட்டு நிக்கறேன். பத்து நாள் ஒத்திகைக்கு வந்தவ அம்மாவா?"

"ஊரார் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு சொல்வாங்கக்கா."

"என் பிள்ளையத்தான் ஊரார் ஊட்டிக்கிட்டு இருக்காங்க. நீ உன் பவுடரப் பாரு."

அவளுக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கக்கூட அவளுக்குத் தெரியவில்லை. கடைசிக் காட்சி ஒத்திகை என்றால் கையில் ஊசியோடு பக்கத் திரைக்குப் பின்னால் வந்து நிற்பாள். "முதுக மூணு தடவ தடவறாங்க. எழுதினதுல அது இல்ல. நான் படிச்சுப் பார்த்தேன்" என்பாள்.

நாடகம் முதன்முதலாக மேடையேறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கடைசிக் காட்சிக்கு மட்டும் மேடம் ஒரு நீல முழுக்கைச் சட்டைக்கு மாறுவார். மாற்ற அரை நிமிடம்தான் இருக்கும். அந்தச் சட்டையை அக்கா தையல் மெஷினில் வைத்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அக்குளுக்குக் கீழே கைத்துணியையும் பக்கத்துத் துணியையும் சேர்த்து நாலு விரல் அகலத்துக்குப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள், இரண்டு பக்கமும்.

"அளவு சரியாத்தானே இருந்துச்சு?"

"மேடம் இளைச்சுட்டாங்க."

மேடம் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். நான் கண்டும் காணாமல் இருந்துவிட்டேன்.

மேடையில் கடைசிக் காட்சி வந்தது, மகள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மேடம் கைகளை விரிக்கப் போனார். இடுப்புக்கு மேல் எழவில்லை. இன்னொரு முறை முயன்றார். விரல்கள் மட்டும் நடுங்கின. துணி கிழியும், சபை சிரிக்கும் என்றுதான் அக்கா கணக்குப் போட்டிருந்தாள். ஒரு நூல்கூட அறவில்லை. அவள் தையல் அப்படி. ஒரு முழ இடைவெளியில் அம்மாவும் மகளும் நின்றார்கள். மகளின் முகம் கோணி, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. விளக்கு அணைந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை.

இயக்குநர் ஓடி வந்தார். "அந்தக் கை, மேடம். கட்டிப்பிடிக்க ஆசை, ஆனா முடியல. தினமும் அப்படியே செய்யுங்க."

மேடம் ஒரு நொடிதான் யோசித்தார். "அந்த நேரத்துல தோணுச்சு, செஞ்சேன்" என்றார்.

அக்கா பல்லைக் கடித்தாள். "தைச்சது நான், கைதட்டு அவளுக்கு" என்று முனகிக்கொண்டே துணிகளுக்குப் பின்னால் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மகள் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். எண்ணெய்ப் பஞ்சால் அவள் முகத்தைத் துடைத்தபடி கேட்டேன். "எப்படி அழுத? ஒத்திகையில கிளிசரின் கேப்பியே?"

"அவங்க கட்டிப்பிடிக்கும்போது எனக்கு அழுகையே வராது மாமா. எங்கம்மா எப்ப அப்படிக் கட்டிப்பிடிச்சாங்க? இன்னைக்கு அந்தக் கை பாதியில நின்னுச்சு பாருங்க, அப்படியே எங்கம்மா. தானா வந்துடுச்சு."

அம்மா அறையில் இருப்பது அவளுக்குத் தெரியாது. துணிகளுக்குப் பின்னால் தகர டப்பாவில் ஏதோ விழுகிற ஒலி கேட்டது. ஒன்று, இன்னொன்று, மறுபடி ஒன்று. நெடுநேரம் விழுந்தது.

அக்கா வெளியே வந்தாள். அவள் மார்பில் ஒரு ஊக்குகூட இல்லை. பன்னிரண்டு வருடத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை. மகள் எழுந்தாள், பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் தோளைத் திருப்பினாள்.

"குத்தாது, வா" என்றாள் அக்கா.

நான் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். சுவரிலும் கண்ணாடிதான் இருந்தது, என்ன செய்ய. அக்கா மகளின் முதுகைத் தடவினாள். மூன்று தடவை அல்ல, நான் எண்ணினேன், ஏழு.

அப்புறமும் சும்மா இருந்தாளா? மகளின் காதருகே கேட்டாள். "அவங்க கட்டிப்பிடிச்சா நல்லா இருக்கா, நான் கட்டிப்பிடிச்சா நல்லா இருக்கா?"

"அவங்களுக்குத்தான் கையே தூக்க முடியலையேம்மா" என்றாள் மகள்.

மறுநாள் மேடம் அந்தச் சட்டையோடு எங்கள் அறைக்கு வந்தார். அக்குளில் ரொம்பப் பிடிக்கிறது, கொஞ்சம் பிரித்துவிட முடியுமா என்று கேட்டார். அக்கா சட்டையை வாங்கித் தையலை இழுத்துப் பார்த்தாள்.

"இயக்குநர் அப்படியே இருக்கணும்னு சொல்லிட்டாரே மேடம்" என்றாள். இன்னும் பதினைந்து முறை நாடகம் போட வேண்டியிருந்தது. பதினைந்துக்கும் அவள் அதைப் பிரிக்கவில்லை.