காதைப் பொத்திக்கொண்ட அம்மா

செங்கல்பட்டு நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எங்கள் வீட்டைப் பார்த்தேன். சுவரில் மாட்டிய திரையில் அப்பா, மீசை ஒரு முழத்துக்கு. பின்னால் நீலச் சுவர், அம்மாவின் கேலண்டர். முழங்கால் ஆபரேஷன் ஆகி மூன்றாவது வாரம். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து அவரால் பஸ் ஏற முடியாது. அதனால் ஓர் ஊழியரையும் லேப்டாப்பையும் நீதிமன்றமே வீட்டுக்கு அனுப்பியிருந்தது.

கூண்டில் மாமா. சொந்த மாமா இல்லை, அப்பாவோடு முப்பது வருஷம் ஒரே படகில் போனவர். ஒரு நாள் விடிவதற்கு முன், இருட்டோடு கரையில் நடந்த அடிதடியில் அவர் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். அப்போது அவர் கடலில் இருந்தார். அதைச் சொல்ல ஒரே ஒரு வாய்தான் உண்டு. அந்த வாயோ பேசியே பழகாதது. 'எங்கே வலிக்குது?' என்று டாக்டர் கேட்டால்கூட அம்மாதான் அப்பாவின் முட்டியைத் தொட்டுக் காட்டுவாள்.

சாட்சி சொல்லும் அறையில் அந்த ஊழியரைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாதாம். அம்மா பக்கத்தில் இல்லாமல் அப்பா எப்படிப் பேசுவார் என்று பயந்தேன்.

பயந்தபடியேதான். ஒவ்வொரு கேள்விக்கும் அப்பா வாயைத் திறந்தார், வாசல் பக்கம் பார்த்தார், மூடிக்கொண்டார்.

"யாரோ சொல்லிக் கொடுக்கிறாங்க, ஐயா," என்று அரசு வக்கீல் எழுந்தார். "இந்தச் சாட்சியத்தை ஏற்கவே கூடாது."

மாமா கூண்டின் கட்டையை இறுக்கிப் பிடித்தார்.

"லேப்டாப்பைச் சுத்திக் காட்டுங்க," என்றார் நீதிபதி.

எங்கள் வீடு நீதிமன்றத்துக்குள் மெல்லச் சுழன்றது. பீரோ. சுருட்டிய பாய். நான் கல்யாணத்துக்கு முன் மாட்டிய கண்ணாடி. ஆள் யாருமில்லை. பிறகு வாசல், வெயில், மணல். தூரத்தில், கவிழ்த்த படகின் மேல் ஒரு முதுகு. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு.

"யாரு அது?"

"என் சம்சாரம் ஐயா."

"அவ்ளோ தூரத்துல எதுக்குக் காதைப் பொத்தணும்?"

"கேள்வி காதுல வுழுந்தா பதில் சொல்லிடும் ஐயா. அதான் அங்க போயி குந்திக்கினு கீது."

டைப்பிஸ்ட்டுக்கே சிரிப்பு வந்து கை நின்றுவிட்டது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "சரி, நீங்களே சொல்லுங்க. எப்ப கரை ஏறினீங்க?" என்றார் நீதிபதி.

அப்பா இந்த முறை வாசலைப் பார்க்கவில்லை.

"மணி தெரியாது ஐயா. விடிஞ்சு லைட் ஹவுஸ் விளக்கு அணையறத கடல்ல இருந்தே பாத்தோம். அப்புறந்தான் ஏறினோம். இவன் என்கூடத்தான் இருந்தான்."

அப்பா ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மாமா விடுதலையான அன்று நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். அப்பாவின் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "முட்டி எப்பிடி கீது மச்சான்?" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார்.

"குளிர்ந்தா வலிக்குதாம்," என்றாள் அம்மா.