பள்ளிக்கூடம் திறந்த நாளில் பிறந்தவர்கள்

அஞ்சாம் வகுப்போடு நிறுத்தினவள் நான். கோர்வையாக எழுத வராது. ஒன்றைச் சொல்ல வந்து வேறெங்கோ போய்விடுவேன், பாதி மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை, கிரிவலப் பாதையில் மலையடியில் இருக்கிறது. இங்கே இளைஞர் மன்றம் ஒன்று இருக்கிறது. அதிலிருக்கும் இளைஞர்களில் பாதிப் பேருக்கு முட்டிவலி. அதன் செயலாளர், ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் வாடகைக்கு விடுகிறவர். தினமும் காலையில் 'வரலாற்றில் இன்று' என்று ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் போனில் அனுப்புவார். எந்த ராஜா எப்போது முடிசூடினான், யார் எந்தக் கடலைத் தாண்டினான், எந்த தேசத்துக்குக் கொடி கிடைத்தது என்று வரும். என் மருமகள் சட்னி அரைத்துக்கொண்டே படித்துக் காட்டுவாள். தினமும் தவறாமல் ஏதாவது ஒரு ராஜா செத்துப்போயிருப்பான்.

மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்துத் தருகிறேன் என்று எங்கள் வயதுக் கிழவிகளின் ஆதாரையெல்லாம் வாங்கிப் பார்த்தபோதுதான் செயலாளர் திகைத்துப் போனார்.

"பெரிம்மா, நீங்க எல்லாரும் ஒரே வருஷம் ஒரே நாள்லயா பொறந்தீங்க?"

"அப்படித்தாம்பா போட்டிருக்குது" என்றேன்.

வேறென்ன சொல்வது? அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைக்கு மேலாகக் கையைப் போட்டு மறுபக்கத்துக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் வயதாகிவிட்டது என்று அர்த்தம். பிறந்த நாளைக் கேட்டால் அப்பாக்கள் எல்லோரும் "கல்லக்கா புடுங்குறப்போங்க" என்பார்கள், அதாவது நிலக்கடலை பிடுங்குகிற காலமாம். ஹெட்மாஸ்டர் யோசித்துப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் திறந்த அன்றைய தேதியையே எழுதி, வருஷத்தில் மட்டும் அஞ்சைக் கழித்துவிட்டார். கை நீளமானவளுக்கும் அதே நாள், கை குட்டையாக இருந்து வயது கடந்து எங்களோடு சேர்ந்தவளுக்கும் அதே நாள், அதே வருஷம்.

செயலாளருக்கு இது தெரியாது. அவர் ரூமில் தங்கியிருந்த வெளிநாட்டம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அந்தம்மா கண்ணை மூடி யோசித்துவிட்டு, மலையின் சக்தி அந்த ஒரு நாளில் ஊருக்குள் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு யார் என்ன பேச முடியும்? பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் விழா, எங்கள் எல்லோருக்கும் பிறந்தநாள், மூத்தவளுக்குப் பட்டுப்புடவை, பொன்னாடை, பிறகு மைக்கில் பேச்சு என்று முடிவாயிற்று. பட்டுப்புடவை என்றதும் ஹெட்மாஸ்டர் தேதி போட்ட கதையை ஒருத்தியும் எடுக்கவில்லை.

மூத்தவள் யார் என்பதுதான் சண்டை. என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனாரின் பெண்சாதி, தான்தான் என்றாள். நானும் அவளும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அப்போது நாங்கள் சமம். அண்ணனுக்கு என்னைக் கொடுத்து, தம்பிக்கு அவளைக் கொடுத்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்து அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. பந்தியில், பொங்கல் பானையில், எதிலும் எனக்குப் பிறகுதான் அவள். இந்த ஒரு தடவையாவது முதலில் நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எனக்கோ மைக்கைக் கண்டாலே ஓடிவிடத் தோன்றும்.

பள்ளிக்கூட வராந்தாவில் விசாரணை நடந்தது.

"ஏரி ஒடைஞ்சப்போ எங்கம்மா என்ன இடுப்புல வெச்சிக்கினு மேட்டுக்கு ஓடிச்சு. இவ அப்போ வயித்துலகூட இல்ல" என்றாள் ஓரகத்தி.

"எந்தத் தபா ஒடைஞ்சப்போ? ஏரி ரெண்டு தபா ஒடைஞ்சிதே" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

செயலாளர் போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். "நெட்ல நம்ம ஏரியே இல்லியே பெரிம்மா."

"ராஜா செத்ததெல்லாம் கீதே, எங்க ஏரி மட்டும் இல்லியா?" என்று ஓரகத்தி அவரை ஒரு பிடி பிடித்தாள். அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "அக்கா, கொஞ்சம் நவுந்து ஒக்காரு, காத்து வரட்டும்" என்றாள்.

செயலாளர் எழுந்துவிட்டார். "இவங்களே அக்கான்றாங்க. முடிஞ்சிது பேச்சு."

"யோவ், அது கண்ணாலத்துல வந்த அக்கா."

"அக்கான்னா அக்காதான் பெரிம்மா. ஃப்ளெக்ஸ் அடிக்க இன்னைக்கே குடுத்தாத்தான் கெடைக்கும்."

இப்படியாக வரலாறு எழுதப்பட்டது. என் ஆதார் போட்டோவை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வைத்தார்கள். பார்த்தவர்கள் எதிர்பாராத மரணம் என்று நினைத்திருப்பார்கள்.

விழாவன்று செயலாளர் முதலில் உலகத்தில் அந்த நாளில் நடந்ததையெல்லாம் வாசித்தார். எங்கோ ஒரு கப்பல், எங்கோ ஒரு ராணி. கடைசியில் எங்கள் பிறப்பு. வெளிநாட்டம்மா எங்களை விட்டுவிட்டு மலையைப் போட்டோ எடுத்தார். எனக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். முன்வரிசையில் ஓரகத்தி, வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த சேலையை உடுத்திக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு மூத்தவ அதோ ஒக்காந்துகீது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அப்புறம் சத்தமாக, "அக்கா, நீ வா" என்றேன்.

செருப்பைக்கூட மாட்டாமல் வந்தாள். பொன்னாடையைத் தானே என் தோளிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள். மைக்கைப் பிடித்தவள் ஏரியில் ஆரம்பித்து, பித்தப்பை ஆபரேஷன் வரைக்கும் விடாமல் பேசினாள். சாமியானாக்காரர் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியும் நிறுத்தவில்லை.

என் பெருந்தன்மை என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். மைக்கிலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது. அவள் முகத்தையும் பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டும்தான்.

பட்டுப்புடவை அவளிடம்தான் இருக்கிறது. இப்போது அவள் வந்தால் நான் எழுந்து இடம் விட வேண்டும். விடாவிட்டால், "மைக்குல சொன்னது மறந்துபோச்சா?" என்கிறாள். பந்தியிலும் அவளுக்குத்தான் முதல் இலை. தூக்கத்தில்கூடச் சிரிக்கிறாள் என்று அவள் மருமகள் சொல்கிறாள்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது எங்கள் ஏரி உடைந்தது எந்தெந்த வருஷம் என்று தெரிந்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். எங்கம்மாவும் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியதாகச் சொன்ன ஞாபகம். ஒருவேளை நான்தான் மூத்தவள் என்று வந்தால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள். அவள் காதுக்குப் போக வேண்டாம்.